வன்னியில் ஒரு சிறுவர் இல்லத்தை ஊர்ப் பணத்தில் மீளக் கட்டுவது: காணியிலிருந்து அலுமாரித் திறப்பு வரை

2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது எங்கள் இல்லத்து விடுதிக்குள் முழங்காலளவு தண்ணீர் ஏறியது. பிள்ளைகளை இரவோடிரவாக மேட்டுப்பக்கப் பாடசாலை ஒன்றுக்கு ஏற்றினோம். விடிந்து வந்து பார்த்தால் கூரைச் சீற் ஒரு பக்கம் சரிந்து, மெத்தைகள் சேறு குடித்து, கொப்பிகள் ஊதிப்போய்க் கிடந்தன. அன்றைக்கே ஊர்ச்சனம் கூடி "கட்டுவம்" என்றது. அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு நிமிசம் போதும். கட்டி முடிக்க எங்களுக்கு நாலரை வருசம் பிடித்தது. கட்டடக் குழுவின் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில், இன்னொரு ஊர் இதே வேலையைத் தொடங்கும்போது கையில் இருக்கவேண்டியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். பணம் சேர்ப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பணம் கேட்கப் போவதற்கு முன்னால் செய்யவேண்டியதே பாதி வேலை.

முதலில்: எத்தனை பிள்ளைகளுக்கு?

"பழைய இல்லத்தில் நாற்பது கட்டில் இருந்தது, நாற்பதே கட்டுவம்" என்று தொடங்காதீர்கள். எங்கள் பக்கத்து இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார். வறுமையும், தாய் கூலிவேலைக்குத் தூர இடம் போவதும், கிட்டடியில் பாடசாலை இல்லாததும்தான் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். குடும்பத்தோடு இருக்கக்கூடிய பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்திருக்கவேண்டும், இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்கவேண்டும் என்று 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி சொல்கிறது. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஆகவே நன்னடத்தை உத்தியோகத்தரோடு இருந்து ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தனித்தனியே பாருங்கள். எங்களிடம் இருந்த 31 பேரில் ஏழு பேர், மாதம் ஒரு சிறு உதவியும் ஒரு சைக்கிளும் கிடைத்தால் வீட்டில் இருந்தே படிக்கலாம் என்று தெரிந்தது. 24 கட்டிலுக்குக் கட்டடம், ஏழு குடும்பத்துக்கு உதவி என்று திட்டத்தையே மாற்றினோம். கட்டடமும் சிறிதானது, சேர்க்கவேண்டிய தொகையும் குறைந்தது. குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, பெரிய கட்டடம்தான் கண்ணுக்குத் தெரியும் என்றார்கள். ஆனால் அந்த ஏழு பிள்ளைகளும் இப்போது தாய் சமைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இன்னொன்றையும் அப்போதே கேளுங்கள்: கட்டி முடித்த பிறகு மாதாமாதச் சோறு, சம்பளம், மின்கட்டணம் யார் தருவது? கட்டடத்துக்குப் பணம் ஒருமுறை போதும். அரிசிக்கு ஒவ்வொரு மாதமும் வேண்டும். மாதச் செலவுக்கு வழி தெரியாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள்.

கடதாசி வேலை

அலுப்பான பகுதி, ஆனால் தப்பினால் எல்லாம் போய்விடும்.

காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ கையில் எடுத்துப் பாருங்கள். வன்னியில் கனக்கக் காணிகள் அரச அனுமதிப்பத்திரக் காணிகள். யாருக்கு, என்ன தேவைக்குக் கொடுக்கப்பட்டது என்பதைப் பிரதேச செயலகத்துக் காணிப் பகுதியில் உறுதிப்படுத்தி எழுத்தில் வாங்குங்கள். காணி தனி ஒருவர் பெயரில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இல்லத்தை நடத்தும் பதிவுபெற்ற அமைப்பின் பெயருக்கு அது மாறும்வரை ஒரு கல்லும் வைக்காதீர்கள். அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

சிறுவர் இல்லங்கள் 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்படுபவை. வடமாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம்தான் உங்களுக்கு முதல் கதவு. பதிவு நடப்பில் இருக்கிறதா, புதிய வரைபடத்தை அவர்கள் பார்த்தார்களா, கட்டும் காலத்தில் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்துமூலப் பதில் வேண்டும். தற்காலிக இடத்தைத் தேடும்போது பாடசாலையை மனதில் வையுங்கள். சாதாரண தரப் பரீட்சை எடுக்கப்போகும் பிள்ளையை இடைநடுவில் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவது பெரிய அநியாயம்.

பிறகு பிரதேச சபையில் கட்டட அனுமதி, முடிந்ததும் அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ். போர் முடிந்தபின் விடுவிக்கப்பட்ட காணியானால், கண்ணிவெடி அகற்றிய பத்திரம் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்காமல் மண்வெட்டியை இறக்கவேண்டாம். மேலே உழுத நிலம் என்பதற்காக அத்திவார ஆழம் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை.

அளவுப்பட்டியலும் மழைக் கலண்டரும்

"ஒரு கோடி தேவை" என்று சொல்லிக்கொண்டு போனால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது. ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ பொறியியலாளரையோ கொண்டு வரைபடமும் அளவுப்பட்டியலும் போடுங்கள். மண் எத்தனை கியூப், கம்பி எத்தனை கிலோ, கதவு எத்தனை என்று அதில் வரி வரியாக இருக்கவேண்டும். மொத்தத்துக்கு மேல் குறைந்தது 15 வீதம் ஒதுக்குங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே நடுவில் 350ஐத் தாண்டியபோது எங்கள் சுவர் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு சன்னலுக்கு மேலே போடும் கொங்கிறீற் வளையின் உயரத்தில் நின்றது. அந்த வருசம் சீமெந்தும் கம்பியும் ஏறிய ஏற்றத்தில் எங்கள் ஒதுக்கு இரண்டு மாதத்தில் கரைந்தது.

இடத்துக்கேற்ற சில விசயங்கள். கட்டட மட்டத்தை 2018 வெள்ளம் சுவரில் விட்ட கோட்டுக்கு மேலே வையுங்கள். அந்தக் கோட்டை ஊரில் யாராவது ஒரு வீட்டுச் சுவரில் இன்னும் காட்டுவார்கள். மன்னார் முருங்கன் பக்கம் போன்ற கருங்களி மண் மழைக்கு ஊதி வெயிலுக்குப் பிளக்கும், அங்கே சாதாரண அத்திவாரம் நிற்காது. மரத்தைக் கறையான் தின்னும், அதனால் கதவு நிலைக்குக் கொங்கிறீற் நல்லது. ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் யானை வரும், வேலிச் செலவையும் பட்டியலில் சேருங்கள். கிணற்றுத் தண்ணீரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கொடுத்துப் பரிசோதித்த பிறகே சமையலறையின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

கலண்டர் எளிது. தைப்பொங்கல் கழிந்து நிலம் காய்ந்ததும் அத்திவாரம், புரட்டாதிக்குள் கூரை. ஐப்பசி மழைக்குள் கூரையில்லாமல் அகப்பட்டால் நனைந்த சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் சும்மா இருக்கவேண்டும். ஆகவே கூரைக்கான பணம் கையில் இருந்தால் மட்டும் அத்திவாரம் தொடங்குங்கள்.

குழுவும் வங்கிக் கணக்கும்

ஏழு பேர் போதும். அதில் ஒருவர் கணக்குத் தெரிந்தவர், ஒருவர் மேசன்வேலை தெரிந்தவர், குறைந்தது மூவர் பெண்கள், ஒருவர் அதே இல்லத்தில் வளர்ந்து இப்போது வேலை செய்பவர். கடைசியாகச் சொன்னவர் கட்டாயம் வேண்டும். எங்கள் குழுவில் இருந்த தங்கச்சி வரைபடத்தைப் பார்த்த முதல் நாளே, "இரவில கக்கூசுக்குப் போக முத்தத்தைக் கடக்க வேணுமோ? நான் ஒன்பது வருசம் அந்த இருட்டுக்குப் பயந்து அடக்கிக்கொண்டு படுத்தனான்" என்றார். படித்த நாங்கள் ஆறு பேர் அந்த வரைபடத்தை ஒரு மாதமாகப் பார்த்திருந்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. மலசலகூடம் விடுதியோடு சேர்ந்தது.

இல்லத்தின் அன்றாடக் கணக்கோடு கட்டடப் பணத்தைக் கலக்காதீர்கள். தனிக் கணக்கு ஒன்று திறந்து, மூவரில் இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். கையொப்பமிடும் இருவர் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. வங்கிக் குறுஞ்செய்தி மூவரின் கைப்பேசிக்கும் வரவேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகங்களுக்கு இலக்கமிட்டு, எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்று ஒரு கொப்பியில் கையொப்பம் வாங்குங்கள். எங்களிடம் ஒரு புத்தகம் திரும்பி வரவில்லை. எடுத்தவர் தொலைந்துவிட்டது என்றார், உண்மையாகவும் இருக்கலாம். அந்த 50 சீட்டின் இலக்கங்களையும் அறிவித்தல் பலகையில் எழுதி, இவை செல்லாது என்று போட்டோம். அவர் எங்களோடு கோபம். ஆனால் அந்த மாதம் வந்த பணம் அதற்கு முந்தைய மாதத்தைவிடக் கூட.

ஊருக்குள் முதலில்

புலம்பெயர்ந்தவர்களிடம் நேராகப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் வேண்டாம் என்கிறேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "ஊரில நீங்கள் என்ன குடுத்தனீங்கள்?" என்பதுதான். அதற்கு ஒரு தொகையோடு பதில் சொல்லவேண்டும்.

வன்னிச் சனத்திடம் காசாகக் கேட்பதைவிட நெல்லாகக் கேட்பது மேல். காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் வெட்டுமெசின் நிற்கும் வயலுக்கே ஒரு உழவியந்திரத்தோடு போங்கள். ஏக்கருக்கு ஒரு புசல், அதாவது ஏறக்குறைய 21 கிலோ. களத்தில் நெல் குவிந்திருக்கும்போது ஒரு புசல் யாருக்கும் பாரமில்லை. அதே மனிதனிடம் ஆனியில் போய் இரண்டாயிரம் கேட்டால் உரக்கடைக் கடனைத்தான் காட்டுவார். சேர்ந்த நெல்லை ஈரத்தோடு வியாபாரிக்குத் தள்ளிவிடாமல், காயவைத்து விலை ஏறும்வரை வைத்து விற்றோம்.

பெண்களிடம் பிடியரிசி கேட்டோம். உலையில் போடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடும் பழைய வழக்கம்தான். மாதக் கடைசியில் மாதர் சங்கம் வீடு வீடாகப் போய் அளந்து எடுக்கும். ஒருநாள் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா நேராக என்னிடமே வந்தார். தனியாகச் சமைக்கிறவர், ஒரு பிடி எடுத்தால் தனக்கு மிஞ்சாது என்பதால் முட்டை விற்ற காசு கொண்டுவந்தேன் என்றார். கொட்டப்பெட்டியை, ஓலையில் இழைத்த அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்து வெற்றிலைக்குக் கீழே இருந்து 340 ரூபா எடுத்தார், பாதி சில்லறை. நான் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

"துண்டு தரமாட்டியளோ தம்பி?"

பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டித் தன் பெயரை வாசித்துப் பார்த்து, அதே கொட்டப்பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து பத்து ரூபாய்க்கும் துண்டு எழுதினேன். நீங்களும் எழுதுங்கள்.

காசும் நெல்லும் இல்லாதவர்களிடம் உழைப்பு இருக்கிறது. அத்திவாரம் வெட்டுதல், அச்சில் சீமெந்துக் கல் அரிதல், சுவருக்குத் தண்ணீர் விடுதல் சிரமதானத்தில் நடக்கலாம். கூரை, மின்சாரம், கொங்கிறீற் போன்றவற்றைக் கூலி கொடுத்துத் தெரிந்தவரிடமே விடுங்கள். கோயில் திருவிழா, மாதா கோவில் பெருநாளில் மேசை போடலாம். அறங்காவலரிடமும் பங்குத்தந்தையிடமும் ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

தொகையை மக்கள் கையில் பிடிக்கும் அளவுக்கு உடையுங்கள். பத்தடி உயரம், பத்தடி நீளமான ஒரு சுவருக்கு 16 அங்குலம் நீளம், 8 அங்குலம் உயரமான சீமெந்துக் கல் ஏறக்குறைய 112 வேண்டும், உடைவுக்கும் சேர்த்து 120. "ஒரு சுவர்" என்று விலை போட்டு எழுதினோம். கடைக்காரர் ஒருவர் ஒரு சுவர் எடுத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் சேர்த்து நாற்பது கல் எடுத்தார்கள்.

வெளிநாட்டு உறவுகளிடம்

ஊர்ப் பங்கு மொத்தத் தொகையில் மூன்றில் ஒன்றைத் தொட்டதும் பேசத் தொடங்குங்கள். தனி மனிதர்களைத் துரத்துவதைவிட ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் வழியாகப் போவது நல்லது. சனிக்கிழமை இரவு ஏழரைக்கு நீங்கள் இணைந்தால் கோடைகாலத்தில் ரொரன்ரோவில் காலை பத்து, லண்டனில் பின்னேரம் மூன்று. எல்லோருக்கும் ஓரளவு வசதி.

பிரித்தானியாவில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊடாக வரி கட்டும் ஒருவர் 100 பவுண் கொடுத்தால், கிப்ட் எயிட் முறையில் அரசிடமிருந்து இன்னும் 25 பவுண் சேரும். இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் நேராக அனுப்பி அந்தக் கால் பங்கை விட்டுவிடுகிறார்கள். அந்த நிறுவனங்கள் பிறகு பில், படம், அறிக்கை கேட்கும். கேட்கவேண்டியது அவர்களுடைய கடமை, சலிக்காமல் கொடுங்கள்.

பணம் வங்கி வழியாக மட்டும் வரட்டும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாகக் கைமாற்றி அனுப்பினால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். எழுத்தில்லாத பணம் இல்லத்தின் பெயரையே கெடுத்துவிடும். 2014இலும் 2021இலும் சில புலம்பெயர் அமைப்புகளையும் ஆட்களையும் இலங்கை அரசாங்கம் வர்த்தமானியில் தடைப்பட்டியலில் போட்டது. அந்தப் பட்டியல் மாறிக்கொண்டிருப்பது. பணம் அனுப்பும் அமைப்பின் பெயரை நடப்புப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தேகமானால் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். நாளை விசாரணைக்கு இழுபடுவது இல்லப் பொறுப்பாளராக இருக்கும்.

வாக்குத் தந்த முழுப்பணத்தையும் ஒரேயடியாக அனுப்பச் சொல்லாதீர்கள். அத்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கணக்கை அனுப்பினால் அடுத்த கட்டப் பணம் தானாக வரும். எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு வெள்ளியும் அந்த வாரத்துப் பில்களைப் படம் பிடித்துப் போட்டேன். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன், சனிக்கிழமை காலையே நோர்வேயில் இருந்து அழைப்பு. பில்லைக் கேட்கவில்லை, "அண்ணை சுகமோ?" என்றுதான் கேட்டார்கள்.

பிள்ளைகளின் முகம்

இதைத்தான் நீளமாக எழுதவேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே நினைத்தேன்.

முதல் மூன்று மாதம் நாங்களும் எல்லோரையும் போலத்தான் செய்தோம். வெள்ளத்தில் நனைந்த விடுதியின் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, "தாய் தகப்பனற்ற இந்தப் பிஞ்சுகளுக்கு" என்று எழுதிப் பேஸ்புக்கில் போட்டோம். பணமும் வந்தது. ஒரு பின்னேரம் பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி அலுவலக வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மாமா, அந்தப் படத்தை எடுத்துவிடுறியளே? வகுப்பில பெடியள் போனில வச்சுக் காட்டுறாங்கள். எனக்கு அம்மா இருக்கிறா."

அவளுடைய தாய் வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த வரியை எழுதினேன். அன்றிரவே எல்லாப் படங்களையும் எடுத்தோம். பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கேட்டோம், சிலதை இன்றைக்கும் அழிக்க முடியவில்லை.

அதன் பிறகு வைத்த ஒழுங்குகள் இவை. முகம், பெயர், பாடசாலை, ஊர், குடும்பக் கதை எதுவும் வெளியே போகாது. பிள்ளை சம்மதித்தாலும் போகாது. தன்னைப் பராமரிப்பவரிடம் மறுத்துச் சொல்ல அந்தப் பிள்ளையால் முடியாது. படம் வேண்டுமானால் வெடித்த சுவர், நீர்க்கோடு, மேசன்மாரின் கைகள், வெறுங்கட்டில் போதும். முகம் இல்லாவிட்டால் பணம் குறையும் என்று பயந்தோம். இரண்டு மாதம் குறைந்தது. பில்லும் கட்டடப் படமும் ஒழுங்காகப் போகத் தொடங்க, திரும்பி வந்தது. முன்பைவிட நிதானமாக வந்தது.

நினைவுநாள், பிறந்தநாள் சாப்பாடு இன்னொன்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் தகப்பனின் திதிக்கோ மகளின் பிறந்தநாளுக்கோ இல்லத்தில் ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது எங்கள் சனத்தின் நல்ல மனதுதான். ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளைகளை நிறுத்தி, முகம் தெரியாத ஒருவருக்குப் பாட்டுப் பாடவைத்து, கமெராவைப் பார்த்து நன்றி சொல்லவைப்பது வேண்டாம். "அந்தத் தொகைக்கு ஒரு சன்னல் போடலாம், ஐயாவின் பெயரில் பற்றுச்சீட்டு அனுப்புகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அநேகம் பேர் ஒத்துக்கொள்வார்கள். சாப்பாடுதான் வேண்டும் என்றால் கொடுக்கட்டும், படமில்லாமல்.

கல்வெட்டு விசயத்தில் சண்டை வரும். கொடுத்தவர்களின் பெயர்கள் அலுவலகச் சுவரில் ஒரே பலகையில், ஒரே எழுத்தளவில், 340 ரூபா கொடுத்தவருக்கும் மூன்று லட்சம் கொடுத்தவருக்கும் ஒன்றாக. கட்டில் தலைமாட்டில் "அன்னாரின் நினைவாக" என்று எழுதவேண்டாம். ஒரு பிள்ளை தினமும் அதற்குக் கீழே படுத்தெழும்ப வேண்டும்.

கொடையாளர் பார்க்க வந்தால் கட்டடத்தைக் காட்டுங்கள். பிள்ளைகளோடு தனியே இருக்க யாரையும் விடாதீர்கள். கட்டட வேலையாட்களுக்கு வேறு வாசல், நடுவில் தகர வேலி. எதுவும் பிழையாகத் தெரிந்தால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம்.

செலவழித்தல்

பெரிய சாமான் ஒவ்வொன்றுக்கும் மூன்று கடையில் எழுத்தில் விலை எடுங்கள். குழு உறுப்பினரின் உறவினரின் கடையானால் அவர் அந்த முடிவில் இருக்கக்கூடாது. விலை ஏறும் காலத்தில் கம்பி, ஓடு, குளியலறைச் சாமான்களை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். சீமெந்தை அப்படிச் செய்யாதீர்கள், மூன்று மாதம் கிடந்தால் பலம் குறையும், மழைக்காலமானால் அதற்கு முதலே இறுகிக் கட்டிபட்டுவிடும். மணலுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள லொறி மட்டும்.

ஒப்பந்தக்காரருக்கு வேலை அளந்த பிறகே காசு. ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதம் நிறுத்திவைத்து, ஒரு முழு மாரி கழிந்து கூரை ஒழுகவில்லை என்று பார்த்தபின் கொடுங்கள். எங்களுடைய ஒப்பந்தக்காரர் முணுமுணுத்தார். அந்த மாரியில் இரண்டு இடத்தில் ஒழுகியது, வந்து திருத்திவிட்டுத்தான் மிச்சக் காசை வாங்கினார்.

கையளிக்கும்போது

குழுவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவரைக் கொண்டு கணக்காய்வு செய்து, வந்தது, போனது, மிஞ்சியது மூன்றையும் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு, ஒன்று நன்னடத்தைத் திணைக்களத்துக்கு. மிஞ்சியதைப் பராமரிப்பு நிதியாகத் தனியே வையுங்கள், வருசாவருசம் கூரைப் பீலி துப்பரவாக்கவும் வர்ணம் பூசவும் வேண்டும்.

திறப்புவிழாவைச் சின்னதாக வைத்தோம். அதற்கு முந்தின கிழமை பிள்ளைகளிடம் புது இல்லத்தில் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தோம். ஊஞ்சல் கேட்பார்கள் என்று நினைத்தேன். கனபேர் கேட்டது பூட்டுகிற அலுமாரி. அளவுப்பட்டியலில் பூட்டில்லாத தட்டுகள்தான் இருந்தன. மாற்றினோம், 24 அலுமாரி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு திறப்பு, ஒன்று பிள்ளையிடம், மற்றது மேற்பார்வையாளரிடம். விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது படத்தை எடுக்கச் சொன்ன அந்தப் பிள்ளை உள்ளே தன் அலுமாரியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, திரும்பத் திறந்து, திரும்பவும் பூட்டிக்கொண்டு நின்றாள்.